நீ அனுப்பிய களிசான்

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய ஹெம்ப் துணிக் களிசான் பார்சலில் வந்து எட்டு மாதம் ஆகிறது, இப்போதுதான் எழுதுகிறேன், கோபிக்காதே. கையோடு எழுதியிருந்தால் கிடைத்தது, அளவு சரி, நன்றி என்று முடிந்திருக்கும். போட்டு வேலை செய்து, கிழிகிற வரைக்கும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இன்னும் கிழியவில்லை.

நான் பட்டறையில் வழக்கமாக என்ன போடுவேன் என்று உனக்குத் தெரியும்தானே. பொலியெஸ்ரர் களிசான், மலிவு, தோய்த்தால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஆனால் வெல்டிங் பொறி விழுந்தால் அந்தத் துணி உருகும், உருகினது தோலோடு ஒட்டும். போன வருசம் ஒரு கேற் வேலையில் இடது தொடையில் அப்படி ஒட்டி, துணியைப் பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது, பயறு அளவில் நாலு தழும்பு இன்னும் இருக்கிறது. உன் களிசானிலும் பொறி விழாமல் இல்லை. வலது முழங்காலுக்கு மேலே ஏழு கறுத்த புள்ளி எண்ணினேன். நகத்தால் சுரண்டினால் கரி உதிர்கிறது, அடியில் இழை நிற்கிறது. இதுவும் நெருப்புப் பிடிக்கிற துணிதான், அதனால் தோல் ஏப்ரனை நான் விடவில்லை. ஆனாலும் உருகி ஒட்டாத துணி என்பதே எங்கள் வேலைக்குப் பெரிய விசயம்.

முதல் கிழமை சாக்கைச் சுற்றிக்கொண்டு நடக்கிற மாதிரித்தான் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். பத்துத் தரம் தோய்த்த பிறகு இளகிவிட்டது. இந்த ஹெம்ப் நார் செடித் தண்டின் பட்டையில் ஒன்றோடொன்று பசை பிடித்தபடி வளருகிறது, அறுத்த தண்டை ஊறவைத்து அந்தப் பசையை அழுகவிட்டுத்தான் பிரிப்பார்கள், மிச்சமிருக்கிற பசை தோய்க்கத் தோய்க்க விட்டுக்கொடுக்கும். எங்கள் ஆட்கள் தேங்காய் மட்டையைத் தண்ணீரில் புதைத்துத் தும்பு எடுப்பதும் ஏறத்தாழ இதே வேலைதான். நனைந்தால் இந்த நாருக்குப் பலம் குறையாது, கூடும். கப்பல் பாய்க்கும் கயிற்றுக்கும் இதைத் தேடித் திரிந்தது அதனால்தான். 1957 வரை வெள்ளைக்காரனின் கடற்படை இங்கே துறைமுகத்தில் இருந்ததே, அந்தக் கடற்படையின் பாய்க்கப்பல் காலத்துக் கயிறு பெரும்பாலும் இந்தச் செடியின் நார்தான்.

லேபலில் 55 வீதம் ஹெம்ப், 45 வீதம் பருத்தி, சீனாவில் செய்தது என்று இருந்தது. மைத்துனன் அதைக் கூகிளில் போட்டுப் பார்த்துவிட்டு, அத்தான் இது கஞ்சாவாம் என்று பயந்துபோய் வந்தான். இனம் ஒன்றுதான், ஆனால் நாருக்கு வளர்க்கிற வகையில் போதைப்பொருள் பேருக்குத்தான் இருக்கும் என்று விளங்கப்படுத்தினேன். நீ இருக்கிற கனடாவில் அந்த அளவு 0.3 வீதத்துக்கு மேலே போகாத வகையை 1998 இலிருந்து உரிமம் எடுத்து வளர்க்கலாம். இங்கே வளவில் ஒரு செடி வைக்கச் சட்டம் விடாது. அப்புறம் எங்கள் ஆட்கள் சணல் என்கிறதும் இதுவும் வேறு. யாழ்ப்பாணத்தில் நெல்லு வெட்டின வயலில் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அந்தச் சணல் பயறு, அவரை குடும்பத்துச் செடி. சாக்கு நெய்கிற சணல் இன்னொன்று. ஹெம்ப்பையும் சேர்த்து மூன்றுக்கும் சணல் என்று ஒரே பெயர் வைத்ததால் கடைக்காரனிடம் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

சின்ன வயதில் உப்புவெளியில் கரைவலை இழுக்கப் போவோமே, தும்புக் கயிறு உள்ளங்கையை அறுத்து நீ அழுதாயே. அந்தக் கயிறு அறுந்து கடலில் போனாலும் உக்கி மண்ணாகிவிடும். இப்போது காற்றுக்கு ஒதுங்குகிறதெல்லாம் நைலோன். போன மாதம் நிலாவெளியில் ஒரு ஆமை, முன் கால் இரண்டிலும் வலைத்துண்டு இறுகிச் சதைக்குள் போயிருந்தது. நானும் இரண்டு பெடியன்களுமாக வெட்டி எடுத்தோம், முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பொலியெஸ்ரர் உடுப்பும் ஒவ்வொரு தோய்ச்சலிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் இழையை விடுகிறது, எங்கள் கான் தண்ணீர் எல்லாம் கடைசியில் கடலுக்குத்தான்.

எனக்கு ஆத்திரம் என்னவென்றால், வெயிலில் நின்று உடம்பால் உழைக்கிறவனுக்குத்தான் ஆக மோசமான துணி வருகிறது. கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற இந்த நாட்களில் மேசன்மார், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், எல்லாரும் வேர்வை இழுக்காத உடுப்போடு. உன் களிசானின் விலையைக் கேட்டால் அவர்கள் வாயில் கை வைப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அதனால் மருதமுனையில் சாரம் நெய்கிறவர் ஒருவரிடம் பேசினேன், தடித்த பருத்தி நூலில் இறுக்கமாக வேலை உடுப்புக்கு நெய்ய முடியுமா என்று. நூல் கிடைத்தால் பத்து யார் நெய்து பார்ப்போம் என்றார். எங்கள் தையற்கடை அண்ணா உன் களிசானைப் புரட்டிப் பார்த்து, முழங்காலுக்கு இரட்டைத் துணி, கவட்டுக்குள் தனித் துண்டு, மூன்று வரித் தையல் எல்லாவற்றையும் கொப்பியில் கீறி வைத்திருக்கிறார்.

ஆகவே மார்கழியில் வரும்போது எனக்கு இன்னொரு களிசான் வேண்டாம். அந்த ஹெம்ப் துணி நாலு மீற்றர் வெட்டித் துண்டாகக் கொண்டுவா, தடித்த தையல் நூலும் இரண்டு உருளை.

அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறா. நீ வருகிறாய் என்றதும் ஒடியல் மாவுக்குச் சொல்லி வைத்துவிட்டா.

அன்புடன்,
உன் மச்சான்
திருகோணமலை