மெழுகுதிரிப் பயிற்சிக்குத் தராசும் வெப்பமானியும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில், எங்கள் தங்கச்சிமடம், பாம்பன் பகுதிப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே ஏதாவது கைத்தொழில் செய்து குடும்பத்தை ஓட்டப் பார்க்கிறோம். வாசனை மெழுகுதிரி அவற்றில் ஒன்று. கோயிலில் காணிக்கையாக ஏற்றுவதற்கும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும், ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்குச் செல்வோருக்கும் மெழுகுதிரி தேவைப்படுவதால், இங்கே இத்தொழிலுக்கு இடம் உண்டு. ஆனால் இதைக் கற்றுத் தரும் முறையில் உள்ள ஒரு பெருங்குறையைத் தங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது ஒருநாள் பயிற்சி. மெழுகை உருக்குங்கள், வண்ணம் சேருங்கள், 'கொஞ்சம் சென்ட்' விடுங்கள், அச்சில் ஊற்றுங்கள் என்றார்கள். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை கிராம், எந்தச் சூட்டில் விட வேண்டும், எந்த சென்ட் என்பதை யாரும் சொல்லவில்லை. பின்னொரு நாள் வீட்டில் செய்தபோது, என் தம்பி மனைவி உடம்புக்கு அடிக்கும் வாசனைத் திரவியத்தை, எரியும் கேஸ் அடுப்பின் மேலிருந்த மெழுகுச் சட்டியில் ஊற்றினார். அது சாராயத்தில் கரைத்த சென்ட். சூட்டில் ஆவியாகி, அடுப்புத் தீயைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நொடியே சட்டியும் எரிந்தது. பதறிப்போய் நான் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. தண்ணீர் உருகிய மெழுகுக்கு அடியில் இறங்கி, ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைச் சுவர் வரைக்கும் தெறிக்க வைத்தது. அவருடைய வலது முன்கையில் நான்கு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியை ஒரு தட்டால் மூடியிருந்தால் காற்றின்றித் தீ அணைந்திருக்கும் என்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டோம்.

பட்டுத் தெரிந்துகொண்டதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு குவளையை வைத்து, அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேராதபடி உருக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு 58 முதல் 60 டிகிரியில் உருகும் பாரஃபின் மெழுகு ஏற்றது. சோயா மெழுகு மே மாத மதியத்தில் பெட்டிக்குள்ளேயே குழைந்துவிடுகிறது. மெழுகு 80, 85 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை விட்டு இறக்கி, மெழுகுதிரிக்கென்றே விற்கும் வாசனை எண்ணெயை 100 கிராம் மெழுகுக்கு 5 அல்லது 6 கிராம் எடை போட்டு ஊற்றி, இரண்டு நிமிடம் கலக்க வேண்டும். அதிகம் ஊற்றினால் மணம் கூடும் என்று நினைப்பது தவறு. மெழுகு ஏற்காத எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும். திரி அடைபட்டு மங்கும், அல்லது சுடர் தாறுமாறாக எழும்.

திரியில்லாமல், விளக்கின் மேல் கிண்ணத்தில் வைத்து உருக்கும் மெழுகு வில்லைகளுக்கு மட்டும் 8 கிராம் வரை சேர்க்கலாம். தொடங்குபவர்களுக்கு இந்த வில்லைதான் நல்லது என்பது என் கருத்து. திரியின் தடிமனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சிரமம் இதில் இல்லை. காணிக்கையாக ஏற்றும் சிறு மெழுகுதிரியோ முழுவதும் உருகிவிடுமென்பதால், அதன் அளவுக்கே பொருந்திய தடித்த கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அதற்குக் குத்துவிளக்குத் திரி உதவாது. பின்னிய பருத்தித் திரி வேண்டும்.

தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று பல மாவட்டங்களுக்குப் போகிறது. ஆகவே, மல்லிகைப் பூவையே மெழுகில் போட்டால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. நானும் ஒரு கை மொட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். சூட்டில் பூவின் ஈரம் பொரிந்தது, இதழ்கள் வெற்றிலைக் காவிபோல் கருத்தன, மணம் துளியும் மிஞ்சவில்லை. திரியருகே இருக்கும் காய்ந்த பூ இரண்டாவது திரிபோல் எரியக்கூடும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. மல்லிகை மணத்தைக் கரைப்பான் கொண்டு ஆலையில்தான் பிரித்தெடுக்கிறார்கள். அது வீட்டு அடுப்பில் ஆகிற காரியமன்று.

எனவே, மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி தருவோர் வண்ணமும் அச்சும் காட்டுவதோடு நிற்காமல், குழுவுக்கு ஒரு கிராம் தராசும் ஒரு வெப்பமானியும் கட்டாயம் வழங்க வேண்டும். தீயை அணைக்கும் முறையை முதல் பாடமாக வைக்க வேண்டும். செய்த மெழுகுதிரியைக் கடைசிவரை எரித்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். தங்கள் இதழின் மகளிர் பக்கத்தில் இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போதும் அளவையும் சூட்டையும் எண்ணால் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடைக்காலம் தொடங்கும் முன்பே இதைச் செய்தால், அப்போது அடுப்பைப் பற்றவைக்கப் போகும் பெண்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.