எதிரணி எடுத்த புள்ளிகளை மட்டும் வைத்துத் தற்காப்புப் பயிற்சியாளரை எடைபோட முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகள் தங்கள் பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றுவது குறித்துத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு விளையாட்டுக்கு இடம் கொடுத்ததற்கு என் நன்றி. ஆனால் தற்காப்புப் பயிற்சியாளர்களை அக்கட்டுரை எடைபோட்ட விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எதிரணி எத்தனை புள்ளிகள் எடுத்தது என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இவர் திறமைசாலி, அவர் தகுதியற்றவர் என்று அதில் தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் வசித்து, மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில், அந்த அணியில் 2016 முதல் 2020 வரை தற்காப்புப் பயிற்சியாளராக இருந்தவரும், 62 புள்ளிகள் கொடுத்த ஓர் ஆட்டத்தை வைத்து அக்கட்டுரையால் குறை கூறப்பட்டவருமான டான் பிரவுனை முன்வைத்தே என் மறுப்பை எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஒரே அணிக்குள் தாக்குவதற்குப் பதினொருவர், தடுப்பதற்குப் பதினொருவர், பந்தை உதைக்கும் தருணங்களுக்குத் தனியாகச் சிலர் என்று மூன்று குழுக்கள் உண்டு. தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தடுப்புக் குழுவுக்குப் பொறுப்பேற்பவரே தற்காப்புப் பயிற்சியாளர். ஒவ்வொரு முறை பந்து நகர்வதற்கு முன்பும் யார் எங்கே நிற்க வேண்டும், எத்தனை பேர் பாய வேண்டும், யார் யாரைத் தொடர வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெறுவோர் இருக்கிறார்கள். அவ்வளவு பணம் தருபவர்கள் கணக்குக் கேட்பதில் தவறில்லை. எதைக் கேட்க வேண்டும் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

மிச்சிகனுக்கு வருவதற்கு முன் பிரவுன் பாஸ்டன் காலேஜ் அணியில் இருந்தார். 2015-இல் எதிரணிகளை மிகக் குறைந்த யார்டுகளே முன்னேற விட்ட அணி, நாடு முழுவதிலும் அதுதான். அந்த அணி அவ்வாண்டு 3 ஆட்டங்களில் வென்று 9 ஆட்டங்களில் தோற்றது. டியூக் அணியிடம் 7-9 என்றும், வேக் ஃபாரஸ்ட் அணியிடம் 0-3 என்றும் தோற்றது. 60 நிமிட ஆட்டத்தில் எதிரணிக்கு மூன்றே மூன்று புள்ளிகளை மட்டும் கொடுத்துவிட்டுத் தோல்வியோடு வீடு திரும்பிய தடுப்புக் குழுவினரிடம் இன்னும் என்ன எதிர்பார்க்க முடியும்? வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஆண்டின் பிரவுன் கடைசி வரிசையில் நிற்பார். மிச்சிகன் அப்படிப் பார்க்கவில்லை, அவரை அழைத்துக்கொண்டது. 2016-இல் மிச்சிகனின் தடுப்புக் குழுவும் அதே கணக்கில் நாட்டின் முதலிடத்துக்கு வந்தது.

ஆனால் அந்தக் கணக்கும் முழுமையானதல்ல. ஓர் ஆட்டத்தில் எதிரணிக்கு எத்தனை முறை பந்து கைக்கு வந்தது என்பதைச் சொல்லாமல் மொத்த யார்டுகளையோ புள்ளிகளையோ சொல்வது, ஒரு பந்துவீச்சாளர் எத்தனை ஓவர் வீசினார் என்பதை விட்டுவிட்டு அவர் கொடுத்த ரன்களை மட்டும் சொல்வதற்கு ஒப்பாகும். தன் தாக்குதல் குழு நிதானமாக நேரத்தைக் கடத்தினால், தடுப்புக் குழு களத்தில் நிற்கும் நேரம் குறைகிறது. அவசரமாக ஆடி உடனுக்குடன் பந்தை இழந்தால், மூச்சு வாங்குவதற்குள் அவர்கள் திரும்ப வர வேண்டியிருக்கிறது. எதிரணி எந்த இடத்தில் பந்தைப் பெற்றது என்பதும் அவ்வளவே முக்கியம். 80 யார்டு தூரத்தைக் கடந்து வந்து எடுத்த புள்ளிகளும், தாக்குதல் குழு கோட்டைவிட்டதால் 13 யார்டு தூரத்திலிருந்து எடுத்த புள்ளிகளும் பலகையில் ஒன்றுபோலவே தெரியும். 2016-இல் ஓஹாயோ ஸ்டேட் அணியுடன் நடந்த ஆட்டத்தில் இதுதான் நடந்தது. வழக்கமான நேரத்தில் ஓஹாயோ எடுத்த 17 புள்ளிகளில் 7 புள்ளிகள், மிச்சிகன் வீசிய பந்தை அவர்களின் தடுப்பு வீரர் மாலிக் ஹூக்கர் பிடித்துக்கொண்டு ஓடியதால் வந்தவை. இன்னொரு டச் டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) அப்படிப் பறிக்கப்பட்ட ஒரு பந்துக்குப் பின், 13 யார்டு தூரத்திலிருந்து தொடங்கி எடுத்ததுதான். இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் முடிவு 30-27 என்று ஓஹாயோவுக்குச் சாதகமானது. அன்று பிரவுனின் குழு ஆடியதைப் போல் ஓஹாயோவுக்கு எதிராக மிச்சிகன் பல ஆண்டுகளாகத் தடுத்ததில்லை என்றே சொல்வேன்.

அடுத்து, தங்கள் கட்டுரையாளர் முதன்மைச் சான்றாகக் காட்டிய 2018 நவம்பர் 24 ஆட்டம். அன்று 10 வெற்றி, 1 தோல்வி என்ற நிலையில் நாட்டின் நான்காவது அணியாக, ஓஹாயோ ஸ்டேட் அணியின் ஊரான கொலம்பஸ் நகருக்குச் சென்ற மிச்சிகன் அந்த அணியிடம் 62-39 என்று தோற்றது. அதற்கு முந்தைய 11 ஆட்டங்களில் எதிரணிகளுக்குச் சராசரியாக 14 புள்ளிகளுக்கும் குறைவாகவே கொடுத்திருந்த குழு, ஒரே பிற்பகலில் 62 கொடுத்தது. இந்த 62-ஐயும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அதில் 7 புள்ளிகள், மிச்சிகன் உதைத்த பந்தைத் தடுத்து, ஓஹாயோ வீரர் எடுத்துக்கொண்டு ஓடியதால் வந்தவை. தடுப்புக் குழு அப்போது களத்திலேயே இல்லை. சற்று நேரத்தில் மிச்சிகன் வீசிய ஒரு பந்தும் பறிபோனது. இவற்றையெல்லாம் கழித்தாலும் மிஞ்சும் கணக்கு பிரவுனுக்குரியதுதான். ஓஹாயோவின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை வீசுபவர்) டுவைன் ஹாஸ்கின்ஸ் அன்று 396 யார்டுகளுக்குப் பந்து வீசி 6 டச் டவுன்களை உருவாக்கினார்.

எப்படி உருவாக்கினார் என்பதில்தான் பயிற்சியாளரின் பொறுப்பு தெளிவாகத் தெரிகிறது. பிரவுனுக்கு வைக்கப்பட்ட பட்டப்பெயரே டாக்டர் பிளிட்ஸ் (பிளிட்ஸ் என்பது குவார்ட்டர்பேக் மீது கூடுதல் ஆட்களைப் பாய விடுவது). முடிந்தவரை அதிகம் பேரைக் குவார்ட்டர்பேக் மீது பாய விட்டு, எஞ்சியிருப்பவர்கள் ஆளுக்கு ஒருவரைத் தனியாகத் தொடர வேண்டும் என்பது அவருடைய முறை. பந்து வீச அவகாசமே கிடைக்காது என்ற நம்பிக்கையில் அமைந்த முறை அது. பெரும்பாலான அணிகளிடம் அந்த நம்பிக்கை பலித்தது. ஓஹாயோ இதற்கு எளிய விடை ஒன்றைக் கொண்டு வந்தது. களத்தின் இரு ஓரங்களிலும் நிற்கும் வீரர்கள் இருவர் ஐந்தாறு யார்டு தூரத்தில் குறுக்கே ஓடி, ஒருவரையொருவர் ஏறக்குறைய உரசிக்கொண்டு கடப்பார்கள். அவர்களைத் துரத்தும் இரு தடுப்பு வீரர்களும் அந்த நெரிசலில் ஒருவர் வழியை ஒருவர் மறித்துக்கொள்வார்கள், அல்லது மோதாமலிருக்கச் சுற்றிக்கொண்டு போவார்கள். அதில் ஓடுபவருக்கு இரண்டடி இடைவெளி கிடைத்துவிடுகிறது. ஹாஸ்கின்ஸ் நீண்ட நேரம் காத்திருக்கத் தேவையில்லை. பந்தை அந்த இடைவெளியில் கொடுத்துவிட்டால் போதும். பாய்ந்தவர்கள் அவரிடம் வந்து சேரும்போது பந்து கையை விட்டுப் போயிருக்கும். மற்றவர்கள் எல்லாரும் தத்தம் ஆளின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதால் முன்னால் காவலுக்கு ஆளே இல்லை. இதே சூழ்ச்சி அன்று திரும்பத் திரும்ப வந்தது. இடைவேளையில் 24-19 என்று எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் மிச்சிகன் இருந்தது. இரண்டாம் பாதியிலும் அதே வாசல் திறந்தே கிடந்தது என்பதுதான் என் மனத்தாங்கல்.

ஆகவே பிரவுனை 62 என்ற எண்ணுக்காக நான் குறை சொல்லவில்லை. விடை தெரிந்துபோன பிறகும் கேள்வியை மாற்றாததற்காகக் குறை சொல்கிறேன். ஒரு முறையின் ஓட்டையை எதிரணி கண்டுபிடிப்பது எவருக்கும் நேரக்கூடியது. அதை எவ்வளவு விரைவில், எவ்வளவு முழுமையாக அடைத்தார் என்பதுதான் ஒரு தற்காப்புப் பயிற்சியாளரின் அசல் தேர்வு என்று நான் கருதுகிறேன். 2019-இல் அவர் ஆளுக்கு ஆள் தொடர்வதோடு இடத்தைக் காக்கும் முறையையும் கலந்து பார்த்தார். அம்முறை வீரர்களிடம் முழுதாகப் படியவில்லை. மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் நடந்த ஆட்டத்தில் ஓஹாயோவின் ஜே.கே. டாபின்ஸ் பந்தோடு ஓடியே 211 யார்டுகளும் 4 டச் டவுன்களும் எடுக்க, மிச்சிகன் 56-27 என்று தோற்றது. 2020-இல் நிலைமை இன்னும் மோசம். முந்தைய வாரம்தான் ரட்கர்ஸ் அணியிடம் தோற்றிருந்த மிச்சிகன் ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழக அணி, ரிக்கி வைட் என்ற முதலாண்டு மாணவரை நோக்கித் திரும்பத் திரும்ப நீளமாகப் பந்து வீசி அவருக்கு மட்டும் 196 யார்டுகள் பெற்றுத் தந்து, 27-24 என்று வென்றது. ஓரத்தில் தனியாக விடப்பட்ட தடுப்பு வீரர் தோற்றுக்கொண்டே இருந்தபோதும் அவருக்குத் துணை அனுப்பப்படவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் மாற்றம் தேவை என்று எனக்கு உறுதியானது. 2 வெற்றி, 4 தோல்வியோடு முடிந்த அந்தப் பெருந்தொற்று ஆண்டின் இறுதியில், டிசம்பரில், பல்கலைக்கழகம் அவரை விடுவித்தது. அது சரியான முடிவு.

அவருக்குப் பின் பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து வந்த மைக் மெக்டொனால்ட் முதலாண்டிலேயே ஓஹாயோவை 42-27 என்று வெல்ல உதவினார். உடனே முழுப் புகழையும் அவருக்கே கொடுத்துவிடுவதும் அவசரம்தான். அன்று குவார்ட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்திய ஏடன் ஹட்சின்சன், பிரவுன் காலத்தில் அணிக்கு வந்து அவரிடம் பயின்றவர். (ஹட்சின்சனின் தந்தையும் மிச்சிகனுக்கு ஆடியவர் என்பதால், யார் பயிற்சியாளராக இருந்தாலும் அவர் இங்கேதான் வந்திருப்பார் என்று சொல்வோரும் உண்டு, அதை மறுக்க எனக்குக் காரணமில்லை.) 2020-இல் காயத்தால் பாதியில் விலகிய அவர் அடுத்த ஆண்டு முழு உடல்நலத்தோடு ஆடியதற்கு எந்தப் பயிற்சியாளரும் உரிமை கொண்டாட முடியாது. மெக்டொனால்டின் முறை உண்மையிலேயே சிறந்தது என்பதற்கு நான் நம்பும் சான்று வேறு. ஹட்சின்சன் போய்விட்டார், மெக்டொனால்டும் ஓராண்டிலேயே பால்டிமோருக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகும், அதே வகைமுறையைத் தொடர்ந்த ஜெசி மின்டரின் கீழ் மிச்சிகனின் தடுப்பு தளரவில்லை. 2023 சீசனில் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 10 புள்ளிகள் மட்டுமே கொடுத்து அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. மிச்சிகன் தரப்பினர் எதிரணிகளின் சைகைகளை விதிமீறிப் பதிவு செய்த விவகாரத்தை இங்கே யாரேனும் எழுப்பினால் அது நியாயமான கேள்வியே. அந்த வெற்றிகளைப் பேசும்போது அதை மறைப்பது தவறு. ஆனால் அது 2023 அக்டோபரில் அம்பலமான பிறகுதான் ஓஹாயோவை 30-24 என்றும், இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 34-13 என்றும் மிச்சிகன் வென்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்கள் எவ்வளவு தூரம் வழிமாற்றும் என்பதற்கு அயோவா பல்கலைக்கழகத்தை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. 2023-இல் அங்கே தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் ஃபெரன்ட்ஸின் ஒப்பந்தத்தில், அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளிகள் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தார்கள். தடுப்புக் குழு பந்தைப் பறித்து எடுக்கும் புள்ளிகளும் அதில் சேர்த்துக்கொள்ளப்படும் என்பது ஏற்பாடு. அதாவது, தற்காப்புப் பயிற்சியாளர் ஃபில் பார்க்கரின் உழைப்பு இன்னொருவர் வரவில் எழுதப்படும். அப்படியிருந்தும் அயோவா 25 பக்கம்கூட நெருங்கவில்லை. சராசரி 15 சொச்சத்தில் நின்றது. ஆனாலும் தடுப்பின் பலத்தால் 10 ஆட்டங்களில் வென்றது; நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது அவ்வாண்டு பார்க்கருக்குக் கிடைத்தது. அந்த விருதுக் குழு புள்ளிப் பலகையைத் தாண்டிப் பார்த்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இதற்கு மாறான நிலை, பறித்த பந்துகளை மட்டும் நம்பிப் புகழ்வது. 2022-இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தடுப்பு நிறையப் பந்துகளைப் பறித்தது. அதன் தற்காப்புப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிரின்ச்சைப் பாராட்டியவர்கள் அதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். தரையில் விழுந்து கோணலாகத் துள்ளும் பந்து யார் கைக்குப் போகும் என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. அடுத்த ஆண்டும் அது துணை நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அந்த சீசனின் கடைசி ஆட்டத்திலேயே டுலேன் அணியிடம் 46-45 என்று தோற்றார்கள். 2023 நவம்பரில் வாஷிங்டனிடம் 52 புள்ளிகள் கொடுத்த மறுநாள் கிரின்ச் நீக்கப்பட்டார்.

இவர்களெல்லாம் ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டங்களை வைத்து மதிப்பிடப்படுபவர்கள். அவ்வளவு சிறிய கணக்கில் ஒரே ஓர் ஆட்டம் சராசரியையே புரட்டிப்போடும். 2018-இல் மிச்சிகனின் சராசரி கடைசி இரண்டு ஆட்டங்களால் மட்டுமே 19-ஐத் தாண்டியது. ஆகவே தங்கள் நாளிதழ் அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, மொத்தப் புள்ளிகளோடு எதிரணிக்கு எத்தனை முறை பந்து கிடைத்தது, எந்த இடத்திலிருந்து தொடங்கியது, எத்தனை புள்ளிகள் தடுப்புக் குழு களத்தில் இல்லாதபோது வந்தவை என்ற விவரங்களையும் ஒரு சிறு கட்டத்தில் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இவ்விவரங்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. பிரவுனைப் பற்றிய அந்தக் கட்டுரையில், 2015 பாஸ்டன் காலேஜையும் 2016 ஆட்டத்தையும் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிட்டால் இன்னும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆன் ஆர்பர், மிச்சிகன்