இருபது நாள் பிணவறையில்: தமிழக ஆயர் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆயர் பெருமக்களே,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கு ஆலயத்தில் கொடியேற்றம், பிள்ளைகளுக்கு மிட்டாய். திருப்பலியில் வாசிக்கும் விசுவாசிகள் மன்றாட்டை எழுதும் முறை அந்த வாரம், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் அன்பியத்துக்கு வந்திருந்தது. ஐந்து மன்றாட்டுகளை எழுதிக்கொண்டு பூசைக்கு முன்பே குருவானவர் ஆயத்தமாகும் சக்ரீஸ்து அறைக்குப் போனேன். நான்காவதைப் பங்குத்தந்தை பேனாவால் அடித்தார். "இது அரசியல், வேண்டாம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால்தான் இந்த மடலை அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடிக்கப்பட்ட வரி இதுதான்: "சத்தீஸ்கரில் தந்தையை அடக்கம் செய்ய இடமின்றித் தவிக்கும் மகனுக்காக மன்றாடுவோம்."

அந்த வழக்கு உங்களுக்குத் தெரியும். பஸ்தர் மாவட்டம் சிந்தவாடா கிராமத்துப் போதகர் ஜனவரி 7 அன்று இறந்தார். அவருடைய முன்னோர் புதைக்கப்பட்ட ஊர் இடுகாட்டில், கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இடமில்லை என்றார்கள் ஊரார். சொந்த வயலில் புதைத்துக்கொள்கிறோம் என்று குடும்பம் கேட்டது. அதற்கும் எதிர்ப்பு. உயர் நீதிமன்றம் மறுத்தது. மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜனவரி 27 அன்று இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். சொந்த நிலத்தில் அடக்கம் செய்யலாம் என்றார் நீதிபதி நாகரத்னா. கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில்தான் அடக்க வேண்டும் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. உடல் பிணவறையில் கிடப்பதால் பெரிய அமர்வுக்கு அனுப்பி இன்னும் தாமதிக்க வேண்டாம் என்று, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கர்காபாலில் அடக்கம் செய்ய உத்தரவிட்டார்கள்.

இருபது நாள். நம் வீடுகளில் சாவு விழுந்தால் மறுநாளைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று எத்தனை தவிப்பு! வெளியூரிலிருந்து மகள் வருகிறாள் என்று ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்திருப்பதற்கே வீடு நிலைகொள்ளாது. அந்தக் குடும்பம் இருபது ராத்திரி அப்படி இருந்திருக்கிறது. அடுப்பு மூட்டினார்களா, உறவினர் வந்து உட்கார்ந்தார்களா, அழுது முடித்தார்களா என்று நினைத்துப் பார்க்கிறேன். புதைக்காமல் எப்படி அழுது முடிப்பது?

இது அரசியல் என்றால், இறந்தோரை அடக்கம் செய்வது ஏழு இரக்கச் செயல்களில் ஒன்று என்று மறைக்கல்வியில் எங்களுக்கு ஏன் சொல்லித் தந்தீர்கள்? அரசனுக்குப் பயப்படாமல் இரவில் பிணம் புதைத்து, உடைமையெல்லாம் இழந்த, விவிலியத்துத் தோபித்தின் கதையை ஏன் வாசித்துக் காட்டினீர்கள்? அந்த ஞாயிற்றின் நற்செய்தியே நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் ஏழைகளுக்கு நற்செய்தியும் ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலையும் அறிவித்த பகுதி. அதை வாசித்த அதே பீடத்தின் அருகில்தான் என் வரிக்கு இடமில்லாமல் போனது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. தமிழகத்தின் அத்தனை ஆலயங்களிலும், வருகிற கல்லறைத் திருநாளை ஒட்டிய ஞாயிறு அன்று, உங்கள் கையொப்பமிட்ட ஒரு சுற்றுமடல் வாசிக்கப்பட வேண்டும். ஒரு மனிதன் இந்த மண்ணுக்குச் சொந்தமா இல்லையா என்பதை அவன் வழிபாட்டை வைத்துத் தீர்மானிக்கிற தேசியம் கடவுளுக்கு ஏற்புடையதல்ல என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். விவிலியத்தில், ஆபிரகாம் இத்தியர் என்ற வேற்று இனத்தார் நடுவே அந்நியன். அவன் மனைவி சாரா இறந்தபோது, எங்கள் கல்லறைகளில் சிறந்ததை எடுத்துக்கொள் என்றார்கள் அவர்கள். அவன்தான் 400 வெள்ளிக் காசு கொடுத்து நிலம் வாங்கினான். அந்நியனுக்கு அன்று கிடைத்தது, பிறந்த ஊரிலேயே ஒருவருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. இதை விளக்கப் பெரிய இறையியல் எதுவும் வேண்டாம்.

அறிக்கைகள் வெளியிடுகிறோமே என்பீர்கள். வெளியிடுகிறீர்கள், மறுக்கவில்லை. அவை செய்தித்தாளின் உள்பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. எங்கள் பீடத்துக்கு வருவது கட்டட நிதிச் சுற்றுமடலும் பள்ளிச் சேர்க்கை அறிவிப்பும்தான். 2024 டிசம்பர் 23 அன்று தில்லியில் இந்திய ஆயர் பேரவையின் கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பிரதமர் வந்தார். விருந்தினரை வரவேற்பதில் தவறில்லை. ஆனால் அடுத்த பதினைந்தாம் நாள் அந்தப் போதகர் இறந்தார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிற உரிமை இருக்கிறதென்றால், அந்த உரிமையோடு கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது. இறந்தவர் கத்தோலிக்கர் அல்லரே என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த மடல் நேர்மையாக இருக்காது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் நாடறிந்தது. அந்தச் சுவரைக் கட்டியது எந்த மதவாதக் கட்சியும் அல்ல, நாம்தான். நவம்பர் 2 அன்று தீர்த்தம் தெளித்துக்கொண்டு கல்லறைகளை மந்திரிக்கிற குருவானவர், இப்படி ஒரு சுவர் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் போய்விட்டுத்தானே வருகிறார்! பஸ்தரில் இறந்தவரும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். அங்கே பிரித்ததைக் கண்டிக்கிற நாம் இங்கே பிரித்ததையும் அதே சுற்றுமடலில் அறிக்கையிட வேண்டும். பாவசங்கீர்த்தனம் இல்லாமல் இறைவாக்கு உரைக்க நமக்கு வாய் வராது.

கோபம் மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிகள், மருத்துவமனைகள், வெளிநாட்டு நிதிக்கான அனுமதி என உங்கள் தலைமேல் எத்தனை பாரம் என்பது தெரியும். வாய் திறந்தால் எதன்மேல் கை வைப்பார்கள் என்ற அச்சமும் புரிகிறது. அந்த அச்சத்தை உங்களோடு சேர்ந்து சுமக்க நாங்கள் இருக்கிறோம். ஆனால் எதற்காக அஞ்சுகிறீர்கள் என்று எங்களிடம் சொன்னால்தானே சுமக்க முடியும்? ஒரு ஞாயிறு, ஒரு சுற்றுமடல். தாழ்மையோடு மறுபடியும் கேட்கிறேன்.

அந்த மன்றாட்டுத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பேனா அடித்த கோட்டுக்குக் கீழே வரி தெளிவாகவே தெரிகிறது. சுற்றுமடலின் முடிவில் மன்றாட்டு ஒன்று சேர்ப்பதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவரில் தங்கள் பணிவுள்ள,
ஒரு பங்கு விசுவாசி