இணையச் சதுரங்கம்: போட்டியின் வகையையும் அறிவிப்பில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இணையவழிச் சதுரங்கப் போட்டிகளுக்கான அறிவிப்புகள் வெளிவருகின்றன. நாள், நேரம், நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை ஆகியவை அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. போட்டி எந்த முறையில் நடைபெறும் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. பள்ளிச் சதுரங்க மன்றம் ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், இந்த ஒரு விடுபடலால் குழந்தைகள் படும் பாட்டைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எங்கள் மன்றத்தின் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'ஒரு மணி நேரப் போட்டி' என்று மட்டுமே அறிவிக்கப்பட்டிருந்த ஒன்றில் அண்மையில் சேர்ந்தாள். நேரடிப் போட்டிகளில் பழகிய அவள், ஆளுக்கு 5 நிமிடம் கொண்ட ஆட்டங்களைக் கடைசி நொடிவரை யோசித்து ஆடி, 6 ஆட்டங்களில் 4-ஐ வென்றாள். ஏழாவது ஆட்டத்தில் ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தபோது போட்டி நேரம் முடிந்துவிட்டதால் அந்த ஆட்டம் கணக்கிலேயே சேரவில்லை. 12 ஆட்டம் ஆடி, ஒன்றுவிட்டு ஒன்றாக 6-இல் வென்று 6-இல் தோற்ற சிறுவன் ஒருவன் பட்டியலில் அவளுக்கு மேலே இருந்தான். "பாதி ஆட்டத்தில் தோற்றவன் எப்படி சார் எனக்கு முன்னால் வந்தான்?" என்று அவள் கேட்டாள்.

கணக்கில் பிழை ஏதுமில்லை. அது அரினா முறைப் போட்டி, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை பல ஆட்டங்களை ஆடிப் புள்ளி சேர்க்கும் முறை. இணையச் சதுரங்கத் தளமான லிசெஸின் அரினா விதிப்படி வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு எதுவுமில்லை. ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த எதிராளி உடனே கிடைத்துவிடுவார் என்பதால், அங்கே எத்தனை ஆட்டங்களை முடிக்கிறோம் என்பதும் திறமையில் ஒரு பங்கு. சிறுவனுக்கு 12 புள்ளி, இவளுக்கு 8. தொடர்ந்து இரண்டு ஆட்டங்களை வென்றால் அதன்பின் வெற்றி தடைப்படும்வரை புள்ளிகள் இரட்டிப்பாகும். இவளோ அப்படி இரண்டை வென்ற கையோடு மூன்றாவதில் தோற்றாள். இதற்கிடையில், ஓர் ஆட்டத்தின் தொடக்கத்தில் திரையில் தெரிந்த பொத்தான் ஒன்றை, என்ன இது என்று அழுத்திப் பார்த்திருக்கிறாள். 5 நிமிடம் சட்டென்று இரண்டரை நிமிடமாகிவிட்டது. தன் நேரத்தில் பாதியைத் தாமாகவே விட்டுக்கொடுத்து, வென்றால் ஒரு புள்ளி கூடுதலாகப் பெறும் ஏற்பாடு அது. தெரிந்து அழுத்துகிறவர்களுக்கு அது ஓர் ஆயுதம். இவளுக்கு அது அந்த ஆட்டத்தையே பறித்துவிட்டது.

சுவிஸ் முறையோ இதற்கு நேர்மாறானது. சுற்றுகளின் எண்ணிக்கை முன்பே முடிவாகிவிடும். ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்றவர்கள் மோதுவார்கள். ஒருவரோடு இருமுறை ஆட நேராது. நம் பிள்ளைகள் நேரடிப் போட்டிகளில் ஆடிப் பழகியதும் இதுதான். ஆயினும் இணையத்தில் ஒரு சிக்கல் உண்டு. தன் ஆட்டம் விரைவில் முடிந்தாலும் மற்றவர்கள் முடிக்கும்வரை திரைமுன் காத்திருக்க வேண்டும். போட்டியே முடிந்துவிட்டதாக எண்ணி மடிக்கணினியை மூடிவைத்த பெற்றோரால் அடுத்த சுற்றை ஆடாமலே இழந்த பிள்ளைகளை நான் அறிவேன். செஸ்.காம் என்ற மற்றொரு தளத்தில் ஒரு நகர்த்தலுக்கு நாள் கணக்கில் அவகாசம் தரும் போட்டிகளும் உண்டு. பள்ளி நாள்களில் அவையே வசதி என்பது என் கருத்து.

நேர அளவையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு 10 நிமிடம் என்பது பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி பிளிட்ஸ், அதாவது மின்னல்வேக ஆட்டம். மேற்சொன்ன இரு தளங்களிலும் அதுவே ரேபிட், அதாவது அதைவிடச் சற்று நிதானமான விரைவு ஆட்டம். எனவே 'ரேபிட் போட்டி' என்ற சொல்லை மட்டும் நம்பிச் சேர இயலாது. 'ரேட்டிங் உண்டு' (ரேட்டிங் என்பது ஆட்டத்திறனைக் காட்டும் எண்) என்ற விளம்பரமும் அப்படியே. பெரும்பாலும் அது அந்தந்தத் தளத்தின் ரேட்டிங்தானே தவிர, ஃபிடே ரேட்டிங் அன்று. லிசெஸில் 1700 பெற்ற மகனுக்கு ஃபிடேயிலும் 1700 வந்துவிட்டதாக எண்ணி இனிப்பு வழங்கிய தந்தை ஒருவரிடம் இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இணைப்பு அறுந்தால் யார் பொறுப்பு என்பதையும் கேட்டறிவது நல்லது. 2020-ஆம் ஆண்டு இணையவழி ஒலிம்பியாட் இறுதிச் சுற்றில் இந்திய அணியின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து நேரம் கடந்து தோற்றனர். இந்தியா முறையிட்ட பின் ஃபிடே இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது. உள்ளூர்ப் போட்டியில் நம் பிள்ளை முறையிட யார் இருக்கிறார்கள்?

ஆகவே, அமைப்பாளர்கள் தரும் அறிவிப்புகளை வெளியிடும் முன் 'சுவிஸ், 7 சுற்று, 10 நிமிடம், நகர்த்தலுக்கு 5 வினாடி கூடுதல், தளத்தின் ரேட்டிங் மட்டும்' என்பது போன்ற ஒரு வரியையும் அவர்களிடம் கேட்டுப் பெற்று அச்சிடுமாறு தங்களை வேண்டுகிறேன். பரிசுக் கோப்பையின் படத்தைச் சற்றே சிறிதாக்கினால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
பள்ளிச் சதுரங்க மன்றப் பொறுப்பாசிரியர்,
கரூர் மாவட்டம்.