யாரிக்கோவின் விலை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் எழுதவும் படிக்கவும் தொடங்கிவிட்டீர்கள் என்பதை உங்கள் கையெழுத்தே சொல்லிவிட்டது, மிகவும் மகிழ்ந்தேன். இங்கு எல்லாரும் நலம். மகளுக்குக் கோவைக்கு மாற்றல் ஆகிவிட்டதால் வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்து, படிக்க நேரம் கூடியிருக்கிறது. அந்த நேரத்தின் பெரும்பகுதியை உங்கள் கேள்விதான் எடுத்துக்கொண்டது. வாசகர் வட்டத்தில் மேலை இசைநாடகங்களைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றும், 'இங்கிளும் யாரிக்கோவும்' என்ற ஆங்கில நகைச்சுவை இசைநாடகத்தை அடிமை முறைக்கு எதிரான படைப்பு என்று துணிந்து சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம் என்பதே என் எண்ணம். ஆனால் அது எந்த இடத்தில் எதிர்த்து நின்றது, எந்த இடத்தில் பின்வாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாடகம் முதன்முதலாக 1787 ஆகஸ்டு 4 அன்று லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் மேடையேறியது. எழுதிய ஜார்ஜ் கோல்மனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அரங்கை நடத்தி வந்தவர் அதே பெயர் கொண்ட அவருடைய தந்தை. இசையமைத்த சாமுவேல் ஆர்னால்டு அரச தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், அரங்கப் பாடல்களில் நீண்ட பழக்கம் உள்ளவர். அதே ஆண்டு மே மாதத்தில்தான் அடிமை வணிகத்தை ஒழிப்பதற்கான சங்கத்தைப் பன்னிரண்டு பேர் லண்டனில் கூடித் தொடங்கியிருந்தார்கள். அடிமை வணிக ஒழிப்பு மக்களிடையே பரவலாகப் பேசப்படும் முன்பே மேடை இந்தப் பொருளைக் கையில் எடுத்துவிட்டது என்பதைப் பிற்காலத்தில் நாடக ஆசிரியை எலிசபெத் இஞ்ச்பால்டு இந்த நாடகத்துக்கு எழுதிய முன்னுரையில் பாராட்டிச் சொல்கிறார்.

கதை கோல்மனுடையது அன்று. அதன் வேர் 1657இல் ரிச்சர்டு லிகன் வெளியிட்ட பார்படாஸ் தீவின் வரலாற்றில் இருக்கிறது. உங்கள் பேச்சில் இந்தப் பகுதிக்குச் சற்றுக் கூடுதலாக நேரம் ஒதுக்குங்கள். 1647இல் தாமஸ் மோடிஃபோர்டு என்பவருடன் அத்தீவில் போய் இறங்கியவர் லிகன். கரும்பு அங்கே வேரூன்றிப் பணம் கொட்டத் தொடங்கியிருந்த காலம் அது. மோடிஃபோர்டு ஒரு தோட்டத்தின் பாதிப் பங்கை ஏழாயிரம் பவுனுக்கு வாங்கினார். அந்தத் தோட்டத்தில் இருந்தவற்றை லிகன் ஒரே மூச்சில் பட்டியலிடுகிறார்: ஆலை, கொதிகலன் வீடு, தொழுவம், 96 கறுப்பின அடிமைகள், மூன்று செவ்விந்தியப் பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும், 28 வெள்ளைப் பணியாட்கள், 45 உழவு மாடுகள். அந்த மூன்று பெண்களில் ஒருத்திதான் யாரிக்கோ என்று எண்ண இடமிருக்கிறது. காலில் தோலுக்குள் புகுந்து முட்டையிடும் தெள்ளுப்பூச்சிகளைப் பற்றி எழுதும்போது, ஒரு காலைப்பொழுதில் தம் பாதங்களிலிருந்து பத்துப் பூச்சிகளை அவள் எடுத்துப்போட்டாள் என்று லிகன் குறிப்பிடுகிறார். பெரிய சோக நாயகியாகப் பின்னாளில் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட பெண் முதன்முதலில் நம் கண்ணில் படுவது, ஓர் ஆங்கிலேயரின் காலடியில் அமர்ந்து அவர் பாதத்துப் பூச்சியை எடுப்பவளாகத்தான்.

அவள் கதையை லிகன் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அமெரிக்கப் பெருநிலக் கரையில் இறங்கிய ஆங்கிலேயர்களைச் செவ்விந்தியர்கள் தாக்கியபோது தப்பி ஓடிய ஓர் இளைஞனைக் குகையில் ஒளித்துவைத்து உணவூட்டிக் காத்தவள் அவள். கப்பல் வந்ததும் அவனோடு ஏறிப் பார்படாஸ் வந்தாள். வந்த இடத்தில் அவன் அவளை விற்றுவிட்டான். அவனைப் போலவே சுதந்திரமாகப் பிறந்தவள், அன்பு செய்ததற்காகச் சுதந்திரத்தை இழந்தாள் என்று லிகன் முடிக்கிறார். தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பணியாளின் குழந்தையை அவள் சுமந்ததையும், பேறுகாலம் வந்தபோது தனியே குளத்தங்கரைக் காட்டுக்குள் போய்ச் சில மணி நேரத்தில் குழந்தையோடு திரும்பி வந்ததையும் வேறு செய்தியாக எழுதுகிறார். அந்த இளைஞனுக்குப் பெயர் இல்லை. வருந்தினான் என்றும் எங்கும் இல்லை.

அவனுக்குப் பெயர் வைத்தவர் ஆங்கிலக் கட்டுரையாளர் ரிச்சர்டு ஸ்டீல். 1711 மார்ச் 13ஆம் நாள் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' ஏட்டின் பதினோராம் இதழில், பெண்களின் நிலையாமையைப் பழங்கதை சொல்லி இகழும் ஓர் ஆணுக்கு அரியெட்டா என்ற பெண் மறுமொழியாக இந்தக் கதையைச் சொல்கிறாள். மனிதன் சிங்கத்தைக் கொல்லும் ஓவியத்தைக் கண்ட சிங்கம், எங்களில் ஓவியர் இல்லை, இருந்திருந்தால் மனிதன் கொன்ற ஒரு சிங்கத்துக்குச் சிங்கங்கள் கொன்ற நூறு மனிதர்களைக் காட்டியிருப்போம் என்று சொன்னதாம்; அந்த உவமையோடு தொடங்கி அவள் லிகனின் வரிகளை விரிக்கிறாள். இளைஞன் தாமஸ் இங்கிள் ஆகிறான். எண்களில் தேர்ச்சி பெறவைத்து, இலாபத்தில் ஆசையைச் சிறு வயதிலேயே ஊட்டி வளர்த்த தந்தை ஒருவரும் அவனுக்குக் கிடைக்கிறார். கப்பல் தீவை நெருங்கும்போது அவன் யாரிக்கோவை நினைப்பதில்லை. அவளோடு கழித்த நாட்களில் தன் முதலுக்கு எத்தனை நாள் வட்டி போயிற்று என்று கணக்குப் பார்க்கிறான். உன் குழந்தை என் வயிற்றில் இருக்கிறது என்று அவள் கதறும்போது, அதைச் சொல்லி விலையைக் கூட்டுகிறான். நண்பரே, இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு நடுங்குகிறது. லிகனில் தனித்தனியாக இருந்த இரண்டு செய்திகளை ஸ்டீல் இணைத்த விதம் அது. அவர் கற்பனையின் கொடுமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏலத்தில் கர்ப்பிணிக்கு விலை கூடும் என்பது தோட்ட உலகின் நடைமுறை. ஸ்டீலுக்கும் அந்த உலகம் அந்நியமன்று. அவருடைய முதல் மனைவி வழியாகப் பார்படாஸில் ஒரு தோட்டமே அவர் கைக்கு வந்திருந்தது.

கோல்மன் இந்தக் கதையை மூன்று அங்கங்களாக்கி, பேச்சும் பாட்டும் மாறிமாறி வரும் நாடகமாக்கினார். நகைச்சுவைக்காக அவர் சேர்த்த பாத்திரங்களில் தலையாயவன் இங்கிளின் வேலையாள் டிரட்ஜ். லண்டனில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தவன் காட்டில் வந்து மாட்டிக்கொண்டதைப் பொருளற்ற துள்ளல் சொற்களோடு அவன் பாடும் பாட்டைத் தெருவெங்கும் பாடினார்கள் என்றால் வியப்பில்லை; ஆர்னால்டின் மெட்டு ஒரு தடவை கேட்டாலே நாவில் ஒட்டிக்கொள்ளும். யாரிக்கோவின் பணிப்பெண் வௌஸ்கியோடு டிரட்ஜுக்குக் காதல். பார்படாஸ் துறைமுகத்தில் ஒரு தோட்டக்காரன் அவளுக்கு விலை பேசும்போது அவன் கொதித்து மறுக்கிறான். அதே துறைமுகத்தில் அவனுடைய எசமான் யாரிக்கோவை என்ன செய்வது என்று எடைபோட்டுக்கொண்டிருக்கிறான். ஆளுநரின் மகள் நார்சிஸாவோடு அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட திருமணமும் பெரும் சீரும் காத்திருக்கின்றன. படித்தவன் விற்கிறான், படிக்காதவன் மறுக்கிறான். நாடகத்தின் உண்மையான எதிர்ப்பு இந்த இடத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் அங்கத்திலேயே இங்கிள், இந்தக் காட்டு மக்களைப் பிடித்துப்போனால் மேற்கிந்தியச் சந்தையில் என்ன கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் நடக்கிறான். சிரித்துக்கொண்டே வந்த கூட்டத்துக்கு ஒரு வணிகனின் மனக்கணக்கை இவ்வளவு வெளிப்படையாகத் திறந்துகாட்டியது சிறிய செயலன்று.

பின்வாங்கிய இடம் முடிவு. இங்கிள் தான் பேரம் பேசும் கிழவர் யார் என்று அறியாமல் ஆளுநர் சர் கிறிஸ்டோபர் கரியிடமே யாரிக்கோவை விற்க முயல்கிறான். அவர் சீறுகிறார், உண்மை வெளிப்படுகிறது, தந்தை கற்றுக்கொடுத்த சுயநலப் பாடத்தைக் காரணம் காட்டி அவன் மனம் வருந்துகிறான், யாரிக்கோ மன்னிக்கிறாள், எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். நகைச்சுவை இசைநாடகத்துக்கு மண முடிவு வேண்டும் என்பது விதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொதித்தெழும் ஆளுநர் அடிமை உழைப்பில் வாழும் ஒரு தீவை ஆள்பவர். துறைமுகத்தில் அடிமை வாங்க வந்த தோட்டக்காரர்கள் திரை விழும்போதும் தொழிலை விடவில்லை. குற்றம் ஒரு முறையின் குற்றமாக இல்லாமல் ஓர் இளைஞனின் வளர்ப்புக் குறையாகச் சுருங்கிவிடுகிறது. அவன் திருந்தியதும் அவையோர் மனநிறைவோடு வீடு திரும்பலாம். நாயகி யாரிக்கோ செம்மையான ஆங்கிலம் பேச, கறுப்பாகச் சித்திரிக்கப்படும் வௌஸ்கி கொச்சை பேசிச் சிரிப்புக்கு உரியவளாகிறாள். முதல் காட்சி அமெரிக்கக் காட்டில் நடப்பதைக் கண்டித்து, அடிமைகள் உண்மையில் கொண்டுவரப்படும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தே கப்பலை ஏற்றியிருக்கலாமே என்று இஞ்ச்பால்டு கேட்டது மிகச் சரியான கேள்வி.

இருந்தும் நாடகம் ஓடியது. ஹேமார்க்கெட்டில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நடந்தது. 1789இல் நியூயார்க்கையும் எட்டியது. முதல் யாரிக்கோவாக நடித்த திருமதி ஸ்டீஃபன் கெம்பிள் 1794இல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஊரில் அதே வேடம் ஏற்றபோது கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அவையில் இருந்தார். விவிலியத்தில் மோசே பாறையிலிருந்து நீர் வரவழைத்ததை நம்பாதிருந்த தம் ஐயத்தை யாரிக்கோவின் துயரக் குரல் தீர்த்துவிட்டது என்ற பொருளில் அவர் நான்கு அடிகள் எழுதினார். அந்தக் கண்ணீர் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1786இல், வறுமை தாளாமல் ஜமைக்காவின் தோட்டம் ஒன்றில் கணக்கராகப் போகப் பயணம் ஏற்பாடு செய்திருந்தவரும் அவரே. அவ்வாண்டு வெளிவந்த கவிதை நூலுக்குக் கிடைத்த வரவேற்புதான் அவரை நிறுத்தியது. லிகன், ஸ்டீல், பர்ன்ஸ் என்று யாரிக்கோவுக்காக இரங்கிய இவர்கள் எல்லாரையும் ஏதோ ஒரு வகையில் தோட்டக் கணக்கேடு தொட்டிருக்கிறது. இவர்களைப் போலிகள் என்று நான் சொல்லமாட்டேன். இரக்கமும் வருமானமும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம் அது. அந்த வீட்டுக்குள்ளிருந்தே இந்த நாடகமும் பிறந்தது.

1807இல் அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டது. 1833இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டு கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. அது முழுவதும் உடைமையாளர்களுக்குப் போனது, விடுதலை பெற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இங்கிள் மேடையில் கைவிட்ட விலையை அரசு கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது என்று உங்கள் பேச்சில் சொல்வீர்களானால் அது மிகையாகாது.

பேச்சுக்கு இடையே பாட வைக்க வேண்டுமானால் டிரட்ஜின் குமாஸ்தாப் பாட்டையும், இங்கிளும் யாரிக்கோவும் முதல் அங்கத்தில் சேர்ந்து பாடும் பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முன்னால் லிகனின் தோட்டப் பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ஸ்டீலின் முடிவைச் சுருக்காமல் சொல்லுங்கள். கோல்மனின் முடிவை அதன் பிறகு சொல்லுங்கள். இந்த வரிசை அவையோருக்குக் கனமாக இருக்குமா என்பதை உங்கள் வட்டத்தை அறிந்த நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பேச்சின் வரைவு தயாரானதும் அனுப்புங்கள், ஆவலோடு படிப்பேன். கண்ணுக்கு மருந்து விடுவதை மறக்க வேண்டாம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய விடுதித் தோழன்