முட்டத்துப் படமும் 400 எம்எம் லென்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில், முட்டம் கடற்கரைப் பாறையில் ஒரு நடிகை நிற்கும் படம் வந்திருந்தது. அன்று படப்பிடிப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் ஓர் ஆண், கீழே ஒரு குழந்தை. ‘நெருக்கமாக நின்ற அந்த நபர் யார்?’ என்று தலைப்பு. இந்த மாவட்டத்தில் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பது அந்தப் படத்திலேயே இருக்கிறது.

கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். நேரில் அது பாறைகளை விட்டுத் தள்ளி, மேட்டில் நிற்கிறது. படத்திலோ நடிகையின் தோளுக்குப் பின்னால் ஒட்டவைத்தது போலப் பெரிதாகத் தெரிகிறது. தூரத்தில் நின்று டெலி லென்ஸில், அதாவது தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில், இழுத்தால்தான் பின்னணி இப்படி முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். 100 மீட்டர் தள்ளி நின்று 400 எம்எம் லென்ஸில் எடுத்தால், பெரிய சென்சார் உள்ள புல் பிரேம் கேமராவில் அடங்கும் அகலம் 9 மீட்டர். அதைவிடச் சிறிய கிராப் சென்சாரில் ஏறக்குறைய 6 மீட்டர். அங்கே ஒருவர் 100 மீட்டரிலும் இன்னொருவர் அவருக்குப் பின்னால் 103 மீட்டரிலும் நின்றால், உருவ அளவில் வித்தியாசம் 3 சதவீதம்தான். கண்ணுக்கே தெரியாது, இருவரும் தோள் உரசி நிற்பதாகத்தான் தோன்றும். அதே இருவரை 5 மீட்டரில் நின்று எடுத்தால், பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் இருப்பார். இடைவெளி பளிச்சென்று தெரிந்துவிடும். ஆக, உங்கள் தலைப்பில் வந்த ‘நெருக்கம்’ எடுத்தவர் நின்ற தூரத்தால்கூட வந்திருக்கலாம். அந்த ஆள் அவருடைய உறவினராக இருக்கலாம், முன்பின் தெரியாத சுற்றுலாப் பயணியாகவும் இருக்கலாம். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருவராவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பட்டனை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து படம் விழும் பர்ஸ்ட் மோடில் இன்னொரு வகைப் பொய் பிறக்கிறது. நொடிக்கு 20 படம் என்றால் 3 நொடியில் 60 படம். மனிதர் ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்தில் இரண்டு மூன்று படங்கள் விழுந்துவிடும். அரைக்கண் மூடி, வாய் கோணிய அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் ‘போதையில் தள்ளாடிய நடிகர்’ தயார். மீதி 57 படங்களில் அவர் சாதாரணமாக நடந்து போய்க்கொண்டிருப்பார்.

மும்பையில் விமான நிலைய வாசலில் வரும் படங்களில் பல, நட்சத்திரங்களின் விளம்பர ஆட்களே நேரம் சொல்லி எடுக்க வைப்பவை. அதே ஊரில்தான் 2023-இல் ஆலியா பட் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் கட்டடத்திலிருந்து படம் எடுத்தார்கள். குமரியில் அப்படி முழுநேரமாகத் துரத்துபவர்கள் கிடையாது. இங்கே எடுப்பது கையில் போன் வைத்திருக்கும் நம் ஆட்கள். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் வரிசையில் எடுக்கிறார்கள், எதிர் லாட்ஜ் பால்கனியில் நின்று எடுக்கிறார்கள். சில நேரம் விடுதி ஊழியரே எடுக்கிறார். 2022 அக்டோபரில் பெர்த் நகரில் விராட் கோலியின் விடுதி அறைக்குள் புகுந்து அவருடைய பொருட்களை வீடியோ எடுத்தார்களே, அதற்குப் பெரிய கேமரா தேவைப்படவில்லை.

கோவில்களில் நடப்பது எங்களுக்குக் கூடுதல் வருத்தம். பகவதியம்மன் கோவிலிலும் சுசீந்திரத்திலும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாமி கும்பிட வந்தவரின் தொப்பையை ஜூம் செய்து கேலி வாசகத்தோடு போடுகிறார்கள். தமிழகக் கோவில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகும், வாசலில் காத்திருந்து எடுப்பது நிற்கவில்லை. கும்பிட்டு முடித்துத் திருவனந்தபுரம் விமான நிலையம் போகும் காரைப் பைக்கில் துரத்தி, பின்னால் இருப்பவர் வீடியோ எடுப்பதும் நடக்கிறது. மார்த்தாண்டம் பக்கம் அந்தச் சாலை எவ்வளவு நெரிசல் என்பது உங்களுக்குத் தெரியும். டயானா மரணம் பற்றி 2008-இல் லண்டனில் முடிந்த விசாரணையில், ஓட்டுநரின் குற்றத்தோடு பின்தொடர்ந்த வாகனங்களையும் நடுவர் குழு காரணமாகச் சொன்னது.

ஒளிந்திருந்து எடுப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அளவுக்கு மீறிக் கல் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டும் டாரஸ் லாரிகளை மறைந்திருந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு டெலி லென்ஸ் வேண்டும். பொதுச் சொத்தும் பொதுப் பதவியும் சம்பந்தப்பட்ட இடத்தில் அது எங்கள் கடமை. ஒரு பெண் கடல் பார்க்கப் போனதில் அப்படி என்ன பொதுநலன் இருக்கிறது?

சட்டம் பாதி வழிதான் வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு மூன்றாண்டுவரை சிறையோ 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ விதிக்கும். ஆனால் அந்தரங்க உறுப்புகள் பதிவான படத்துக்கு மட்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு பெண்களை மட்டுமே காக்கிறது, அதுவும் குளியல், கழிப்பறை போன்ற நிலைகளில். பால்கனியில் நைட்டியோடு காபி குடிப்பவரை எடுத்தால் இரண்டிலும் சிக்காது. ஆனால் 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், ஆட்டோ சங்கர் தொடர்பாக நக்கீரன் இதழ் தொடுத்த அந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பொது ஆவணங்களில் உள்ளவை போன்ற சில விலக்குகள் தவிர, ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை பற்றி அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது; அது உண்மையாக இருந்தாலும் சரி, பொய்யாக இருந்தாலும் சரி. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தார்கள். ‘நடந்ததைத்தானே போட்டோம்’ என்ற பதில் போதாது.

ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு நேர்ந்ததை இந்த ஊர்ப் பத்திரிகைகள் மறக்கக்கூடாது. நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியே விற்ற லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். என்.எஸ்.கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் அந்த வழக்கில் சிக்கி ஆயுள் தண்டனை பெற்றார்கள். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1947-இல்தான் விடுதலை ஆனார்கள். ஒரு மஞ்சள் பத்திரிகையைச் சுற்றி எழுதியவர் உயிரும் போனது, எழுதப்பட்டவர்கள் வாழ்வும் போனது.

உங்கள் டெஸ்க்கில் இனி செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தை வாங்காதீர்கள். அதில் லென்ஸ், நேரம், இடம் பற்றிய விவரங்கள் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அப்படியே வரும். ஒரு படத்தை மட்டும் வாங்காமல் முன்னும் பின்னும் எடுத்த மொத்த வரிசையையும் கேளுங்கள். எங்கே நின்று எடுத்தார், சாலையிலா, அடுத்தவர் மொட்டை மாடியிலா? எடுக்கப்பட்டவர் கேமராவைப் பார்த்தாரா, கையைக் காட்டி வேண்டாம் என்றாரா? இதற்குப் பதில் சொல்லத் தயங்குபவரின் படத்தை விட்டுவிடுங்கள். குழந்தையின் கண்ணை மட்டும் மங்கலாக்குவது வீண். பக்கத்தில் தாய் நிற்கும்போது யார் குழந்தை என்று ஊருக்கே தெரியும். குழந்தையை வெட்டி எடுத்துவிட்டுப் போடுங்கள், வெட்ட முடியாத படமென்றால் போடாதீர்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போகும்வரை இணையத்திலும் ஏற்ற வேண்டாம். ஜிபிஎஸ் விவரத்தை நீக்கினாலும் முட்டத்துக் கலங்கரை விளக்கமும் முப்பந்தல் காற்றாலையும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி நேரத்தில் கூட்டம் கூடிவிடும்.

பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்க, நாளிதழ் என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதம் அவகாசம். அதற்கு முன் ஆசிரியருக்கு எழுத வேண்டும். கவுன்சிலால் கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போட முடியாது. இந்தக் கடிதத்தை அந்த முதல் படியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலைவரை அந்தப் படம் உங்கள் இணையதளத்தில் இருக்கிறது. செய்தியை மட்டும் நீக்கினால் போதாது. படக் கோப்பு சர்வரில் தனி முகவரியில் கிடக்கும். இ-பேப்பர் பக்கம் தனி, பேஸ்புக் பதிவு தனி. கூகுளில் தங்கியிருக்கும் நகலை நீக்கத் தனியாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும். செய்தியோடு இந்த நான்கையும் இந்த வாரத்துக்குள் எடுத்துவிட்டு, தலைப்பு தவறு என்பதை அதே மாவட்டப் பக்கத்தில், அதே இடத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சிலர்,
நாகர்கோவில்.