நாலாயிரம் படத்தில் தாய்மாமன் சீர் எங்கே?

அனுப்புநர்:
மணமகளின் தந்தை,
மதுரை.

பெறுநர்:
உரிமையாளர்,
திருமணப் புகைப்பட நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: பேசிய புகைப்படக்காரரை அனுப்பாதது, முக்கியமான சடங்குகளைப் படமெடுக்கத் தவறியது, அசல் படங்களைத் தராமல் இழுத்தடிப்பது குறித்து.

ஐயா,

கடந்த ஆவணியில் மதுரையில் நடந்த என் மகள் திருமணத்தைப் படமெடுக்க உங்களிடம் 1,65,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். இதுவரை 1,25,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். மீதி 40,000 ரூபாயைக் கட்டினால்தான் அசல் படங்கள் கிடைக்கும் என்று போன வாரமும் உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஏழு மாதமாகப் போனில் பேசுகிறேன். எடுப்பவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

எனக்கு எங்கள் தெரு ஸ்டூடியோ அண்ணாச்சியே போதும் என்று இருந்தது. 1994-ல் என் கல்யாணத்தை எடுத்தவர் அவர். 36 படம் விழும் பிலிம் சுருள் மூன்று, அதற்கு மேல் என் அப்பா காசு கொடுக்கவில்லை. தாலி கட்டப் போகும் நேரத்தில் "ஐயரே, ஒரு நிமிஷம்" என்று சத்தம் போட்டு எல்லாரையும் நிறுத்திவிட்டுத்தான் எடுத்தார். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த நூற்றுச் சொச்சம் படத்தில் சொந்தபந்தம் ஒருவர் பாக்கியில்லாமல் இருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு பந்தியில் உட்காராமல் போன பெரியப்பாகூட ஓர் ஓரத்தில் நிற்கிறார்.

மகள் சம்மதிக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் உங்கள் பக்கத்தைக் காட்டினாள். படங்கள் நன்றாகத்தான் இருந்தன, அதை மறுக்கவில்லை. அவற்றில் அவளுக்குப் பிடித்தது எல்லாம் ஒரே ஆள் எடுத்தது, உங்கள் மூத்த புகைப்படக்காரர். அவரே வருவாரா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "அவரேதான் சார் வருவார்" என்று சொல்லி, கொட்டேஷனிலும் அவர் பெயரை எழுதிக் கொடுத்தீர்கள். ஏதாவது ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை காட்டுங்கள் என்றும் கேட்டேன். "எல்லாம் எடிட்டிங்கில் இருக்கு சார்" என்றார் உங்கள் மேலாளர். பத்துக் கல்யாணத்தில் பொறுக்கிய பத்துப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியது என் தப்பு. அந்தத் தப்புக்கு உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

வந்தது வேறு மூன்று பையன்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒருவன் மாப்பிள்ளையின் அண்ணனைப் பெண்ணின் அப்பா என்று நினைத்து என்னை ஓரமாக நிற்கச் சொன்னான். யாரப்பா உங்களை அனுப்பியது என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "நாங்க டே ரேட்டுக்கு வந்தோம் சார், கம்பெனி ஆள் இல்ல" என்றான். பெயர் எழுதிக் கொடுத்த அந்த மூத்தவர் அன்று எங்கே என்று நீங்கள் சொல்லவில்லை, உங்கள் இன்ஸ்டாகிராமே சொன்னது. எங்கள் முகூர்த்தம் காலை 6 மணியிலிருந்து 7.30 வரை. அதே காலையில் அவர் காரைக்குடியில் வேறொரு கல்யாணத்தில் கேமராவோடு நிற்கும் வீடியோவைப் போட்டிருந்தீர்கள். வளர்பிறை முகூர்த்தத்தில் உங்களுக்கு நாலு ஆர்டர் வருவது எனக்கும் புரிகிறது. ஓர் ஆளை நாலு மண்டபத்துக்கு விற்காதீர்கள்.

அடுத்தது சீர். இதைத்தான் என் மனைவி இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். தங்கை மகளுக்குச் செய்ய வேண்டும் என்றே இரண்டு வருடம் சீட்டுக் கட்டியவர். முந்தின நாள் இரவு 21 தட்டோடு, மேளதாளத்தோடு தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். பட்டுப்புடவையும் மாலையும் இருந்த தட்டை அவரே ஏந்திக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்றார். "கேமராக்காரர் வரட்டும்" என்று யாரோ சொல்ல, மேளக்காரரும் வாசிப்பை இழுத்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. கேமராக்காரர்கள் மூன்று பேரும் மணமகள் அறையில் இருந்தார்கள். அவள் மருதாணிக் கையைத் திருப்பச் சொல்லி, வளையலைக் குலுக்கச் சொல்லி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மச்சான் தட்டோடு உள்ளே வந்துவிட்டார். நீங்கள் தேர்வுக்கு அனுப்பிய 4,180 படங்களில் மருதாணிக் கை மட்டும் 63 இருக்கிறது. சீர்த்தட்டு ஒன்றுகூட இல்லை.

இதைக் கேட்டபோது முதலில் மெமரி கார்டு பழுதாகிவிட்டது என்றீர்கள். உங்கள் கொட்டேஷனிலேயே "ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கேமரா" என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டாவது கார்டு என்ன ஆயிற்று என்று என் தம்பி மகன் கேட்டான். அடுத்த வாரம் கதை மாறியது. சீர் எப்போது வரும் என்று நாங்கள் சொல்லவில்லையாம். சடங்குகளை நேரத்தோடு எழுதி உங்கள் மேலாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். அவர் பார்த்ததற்கு நீல டிக்கும் இருக்கிறது.

தாலி கட்டும் படம் நாலு இருக்கிறது. இரண்டில் ஓமப்புகை, ஒன்றில் உங்கள் ஆளே குறுக்கே நிற்கிறார். மிச்சமிருக்கும் ஒன்றில் மாப்பிள்ளையின் கை தெளிவாக இருக்கிறது, தாலிதான் மங்கல். மூன்றாவது முடிச்சுப் போட்ட நாத்தனாரின் முகம் எதிலும் இல்லை. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். வாழ்த்த வந்தவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, மொய்யை எழுதிவிட்டு, சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

ஆல்பம் தை மாதம்தான் வந்தது, 45 நாளில் தருவதாகப் பேச்சு. அதில் ஒன்பதாவது தாளில் இருக்கும் பெயர்கள் என் மகளுடையதும் இல்லை, மருமகனுடையதும் இல்லை. வேறு யாரோ ஒரு ஜோடிக்குச் செய்த டிசைனில் எங்கள் படத்தை ஒட்டியிருக்கிறீர்கள். அவர்கள் ஆல்பத்தில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று அறிய ஆசை. சம்பந்தி வீட்டார் இதைப் பார்த்துச் சிரித்ததை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை.

இதற்கு நடுவில், எங்களைக் கேட்காமலே மகள் அலங்காரம் செய்துகொள்ளும் வீடியோவை உங்கள் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டீர்கள். அதை நீக்கச் சொல்லி மகள் நான்கு முறை எழுதினாள். "காப்பிரைட் எங்களுடையது" என்று பதில் வந்தது. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் அவர்தான். உங்கள் கொட்டேஷனில் அப்படி ஒரு ஒப்பந்த வரி கிடையாது, பின்பக்கத்தையும் பார்த்துவிட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். எடுத்த அசல் படங்கள், வீடியோக்கள் மொத்தமும் வர வேண்டும். ஹார்ட் டிஸ்க் வாங்கி நானே கூரியரில் அனுப்புகிறேன். என் மகளின் வீடியோவை நீக்க வேண்டும். ஆல்பத்தைச் சரியாக அச்சடித்துத் தர வேண்டும். மீதி 40,000 ரூபாயைத் தர மாட்டேன், கொடுத்ததில் 50,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். வாங்கிய பணத்துக்கு ஜி.எஸ்.டி. எண்ணோடு பில்லும் வேண்டும். "பில் வேணும்னா 18 பர்சன்ட் கூட ஆகும் சார்" என்று உங்கள் மேலாளர் சொன்னது வாட்ஸப் குரல் பதிவாக என்னிடம் இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை. இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிந்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை, இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. பணி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. கொட்டேஷன், பணம் செலுத்திய விவரம், வாட்ஸப் உரையாடல், ஒன்பதாவது தாளின் படம் எல்லாவற்றின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. சித்திரைத் திருவிழாவுக்கு மச்சான் குடும்பத்தோடு வருகிறார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆல்பத்தைக் கேட்பார். அந்தப் பையன்களின் செல்போனிலாவது அந்த இரவில் எடுத்த ஒரு படம், வாசல் தெரிகிற மாதிரி, இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மணமகளின் தந்தை